மீன் வாடை வந்தால் பிளக்கைப் பாருங்கள்: வீட்டில் நெருப்பு மூளும் முன்னும் மூண்ட பின்னும்

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு ஒழுங்கைதான். மீன் வாடை எங்களுக்குப் புதிதில்லை. அதனால்தான் மூன்று நாள் ஏமாந்துபோனோம். பின்னேரமானால் ஹோலில் பழைய மீன் மணந்தது. பூனை எங்கேயோ மீன் தலையை இழுத்துப் போட்டிருக்கிறது என்றார் அம்மா. கதிரைகளை நகர்த்திக் கூட்டினோம், டெட்டோல் போட்டுத் துடைத்தோம். வாடை போகவில்லை. நான்காம் நாள் இரவு தண்ணீர் எடுக்கப் போனபோது பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் கை பட்டது. சுவர் சுட்டது. பிரிட்ஜை இழுத்துப் பார்த்தால், வெள்ளை பிளக் பேஸ் தேயிலைச் சாயம் பட்டதுபோல் மண்ணிறமாகி, ஒரு துளையின் விளிம்பு மெழுகாய் வழிந்திருந்தது.

சுவிட்ச், பிளக் பேஸ் செய்யும் சிலவகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் வரும். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் மீனோடு வாழ்கிற திருகோணமலையில் அந்த வாடை யாரையும் திடுக்கிட வைக்காது. நெருப்பு பெரும்பாலும் முன்கூட்டியே ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வருகிறது: ஒரு மணம், ஒரு சூடு, ஒரு சத்தம். அதற்கு நாமாக ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடுகிறோம். ஆகவே காரணத்திலிருந்து தொடங்காமல், உங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும் பட்டது எதுவோ அதிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

இப்போதே எரிந்துகொண்டிருக்கிறது என்றால் வாசிப்பதை விடுங்கள். எல்லோரும் வெளியே போங்கள். வெளியில் நின்று 110க்கு எடுங்கள். காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, மின்சார சபைக்கு 1987. உங்கள் பகுதிக்கு வரும் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் இன்றைக்கே கேட்டு வாங்கி, முன்கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்தால், அந்தப் போன் புகைக்குள் மாட்டிக்கொள்ளலாம்.

மீன் வாடை அல்லது ரப்பர் கருகும் வாடை வருகிறது, இடம் தெரியவில்லை

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு ரோச் லைற்றோடு ஒவ்வொரு பிளக் பேஸாகப் போய், புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். எப்போதும் ஓடுகிறவையும் பெரிய சுமை இழுப்பவையும் முதலில்: பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், ஏசி, கேத்தில், ரைஸ் குக்கர், அயன். நிறம் மாறியிருக்கிறதா, துளை கறுத்திருக்கிறதா, பிளக்கைச் செருகினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் அதுதான் ஆள். பிடி தளர்ந்த இடத்தில் மின்சாரம் திணறி ஓடும். திணறும் இடம் சூடாகும். சூடாகச் சூடாகப் பிடி இன்னும் தளரும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்சாரம் வழிதவறி நிலத்துக்குப் போகிறதா என்பதை மட்டும். வீடுகளில் வழக்கமாக 30 மில்லிஅம்பியர் கசிந்தால் விழும். தளர்ந்த பிளக்கில் எதுவும் கசிவதில்லை. அதே அளவு போய் அதே அளவு திரும்பி வருகிறது, நடுவில் ஒரு இடம் மட்டும் வேகிறது. சின்ன பிரேக்கருக்கும் அது தெரியாது, ஏனென்றால் சுமை கூடவில்லை. எங்கள் பிளக் பேஸ் உருகிய நான்கு நாளும் பெட்டியில் ஒன்றும் விழவில்லை.

உருகியது பிளக் பேஸ் என்றால் அதோடு செருகியிருந்த பிளக்கையும் மாற்றுங்கள். அந்தப் பிளக்கின் கறுத்த பின்கள் புதிய பேஸையும் கெடுத்துவிடும். கடற்கரைப் பக்கத்தில் உப்புக்காற்றுப் பட்டு உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடக்கும், ஆணிகளும் தளரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பெட்டியிலும் பேஸ்களிலும் உள்ள ஆணிகளை இறுக்கிக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

பிளக் தொட்டால் சுடுகிறது, அல்லது எக்ஸ்டென்ஷன் வயர் இளகியிருக்கிறது

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேத்தில் 2000 வாட்ஸ், அயன் 1000, ரைஸ் குக்கர் 700. மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் 3700 வாட்ஸ். நமது 230 வோல்ட்டில் அது 16 அம்பியர். அந்தப் பேஸ் தாங்குவது 13. கடையில் வாங்கும் மெல்லிய வயர் அதையும் தாங்காது. சுருட்டி வைத்த வயர் இன்னும் மோசம், சூடு வெளியேற இடமில்லை. எக்ஸ்டென்ஷனில் டிவி, போன் சார்ஜர், லைற் போடலாம். சூடாக்கும் சாமான் எதையும் போடாதீர்கள்.

இன்னொன்று நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. பழைய இரண்டு உருண்டைப் பின் பிளக்கைச் சதுரத்துளைப் பேஸில் செருக, மேல் துளையில் பேனாமூடியைக் குத்தித் திறப்போம். செருகிவிடலாம். ஆனால் உருண்டைப் பின்னைச் சதுரப்பின்னுக்கான தகடு சரியாகப் பிடிக்காது. மீன் வாடைக்குச் சொன்ன அதே தளர்ந்த பிடிதான் இதுவும். பிளக்கின் தலையை மாற்ற ஒரு சின்னத் தொகைதான் செலவாகும்.

ட்ரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுகிறது

எல்லாப் பிரேக்கரையும் கீழே தள்ளிவிட்டு ட்ரிப் சுவிட்சைத் தூக்குங்கள். நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்தப் பக்கத்துச் சாமான்களை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். மாரியில் அநேகமாக மோட்டர் அல்லது மழை நனையும் வெளி லைற்றாக இருக்கும். எல்லாம் கழற்றியும் விழுந்தால் பழுது சுவருக்குள். அதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேராக வயர் கொடுக்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். மாதம் ஒரு தடவை அதில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்தி, விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு அறையில் லைற் மங்குகிறது, இன்னொரு அறையில் பளீரென்று எரிகிறது

மெயினை நிறுத்தி 1987க்கு எடுங்கள். நியூட்ரல் வயர் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம். அப்படியானால் வோல்ட் எகிறிச் சாமான்கள் எரியும். நீங்களாக ஏறிப் பார்க்கும் வேலை இது இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்னோலை உரசிச் சர்விஸ் வயரில் பொறி பறந்தாலும் இதே இலக்கம்தான். தடியால் ஓலையை விலக்கப் போகாதீர்கள்.

காஸ் மணக்கிறது

இங்கே அவசரம் வேண்டும், பதற்றம் கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, நிலத்தோடு படர்ந்து, மேசைக்குக் கீழும் வாங்குக்குக் கீழும் தண்ணீர்போல் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்ற அது போதும். குசினி யன்னலை மட்டும் திறந்தால் மேல்காற்றுத்தான் மாறும். நிலம்வரை திறக்கும் கதவைத் திறக்க வேண்டும்.

எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். லைற் எரிந்துகொண்டிருந்தால் எரியட்டும். நிறுத்தும்போதும் உள்ளே பொறி பறக்கும். போனையும் குசினிக்குள் எடுக்க வேண்டாம். சாமி அறையில் விளக்கு எரிகிறதா என்று நினைவுபடுத்தி, காஸ் அந்தப் பக்கம் படர முன் அணையுங்கள். சிலிண்டர் ரெகுலேற்றரை மூடுங்கள். பின்கதவையும் முன்கதவையும் விரியத் திறங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நில்லுங்கள். பிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கும் சாமான், அதன் உள்ளேயும் பொறி உண்டு. ஆகவே மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, காஸ் எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை நிறுத்தலாம்.

மணம் முழுக்கப் போன பிறகுதான் ஒழுகும் இடத்தைத் தேடுவது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் நுரைக்கக் கலக்கி, பஞ்சால் தொட்டு, சிலிண்டர் வாய், ரெகுலேற்றர், ஹோஸின் இரண்டு நுனி, அடுப்பு மூட்டு என்று தடவி வாருங்கள். நுரை ஊதிப் பொங்கும் இடம்தான் ஒழுக்கு. நெருப்புக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னமும் சிலரிடம் உண்டு. வேண்டவே வேண்டாம்.

2021 கடைசியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது எல்லா வீட்டிலும் இந்தச் சோப்புத்தண்ணீர் வேலை நடந்தது. கலவையில் புரொப்பேன் கூடியதைக் காரணமாக அப்போது விசாரித்த குழு சொன்னது. புரொப்பேனின் அழுத்தம் அதிகம். பழைய ஹோஸும் தளர்ந்த கிளிப்பும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அந்தச் செய்தி அடங்கியதும் நாங்களும் மறந்துவிட்டோம். ஆனால் ஹோஸ் வயதாகிக்கொண்டேதான் இருக்கிறது. வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் கோடுகோடாக வெடிப்புத் தெரிந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வெடிப்பில்லை என்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு ஹோஸ், ஐந்து வருடத்துக்கு ஒரு ரெகுலேற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை வீடு என்றால் ரெகுலேற்றரின் உள் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதனால் முந்தியே மாற்றுவது நல்லது. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். கடைசிச் சொட்டு எரியட்டும் என்று படுக்கப்போடுவது ஆபத்து.

அடுப்புச் சுவாலை மஞ்சளாக எரிகிறது, பானை அடி கரி பிடிக்கிறது

காற்றுப் போதாமல் எரிகிறது. பேர்னரைக் கழற்றிக் கழுவி, அடைத்த துளைகளை ஊசியால் எடுத்துவிட்டு நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். அதற்குள் யன்னலைத் திறந்து வையுங்கள்.

தாச்சியில் எண்ணெய் புகைகிறது, அல்லது பற்றிவிட்டது

புகை எழும்பினால் அடுப்பை நிறுத்துங்கள், அவ்வளவுதான். வடை சுடும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று படலைவரை போய்க் கதைத்துவிட்டு வருவதற்குள் புகை நெருப்பாகும். தீபாவளிக்கு முறுக்குச் சுடும் நாளில் குசினியில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

பற்றிவிட்டதா? காஸை நிறுத்துங்கள். மூடியை உங்கள் பக்கமிருந்து முன்னோக்கித் தள்ளி மூடுங்கள். மேலிருந்து நேரே வைத்தால் சுவாலை கையில் ஏறும். மூடி இல்லையென்றால் தாச்சியைவிடப் பெரிய தட்டை அலுமினியத் தாம்பாளம் போதும். மூடிய பிறகு எட்டிப் பார்க்கத் திறக்காதீர்கள். எண்ணெய் ஆறாமல் திறந்தால், காற்றுப் பட்டதும் மறுபடி மூளும். அரை மணித்தியாலமாவது விடுங்கள்.

தண்ணீர் ஊற்றக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் அந்த நொடியில் கை தானாகவே குழாய்க்குப் போகிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடிக்கு இறங்கும். அங்கே அது ஆவியாகும்போது ஏறக்குறைய 1700 மடங்கு விரியும். அந்த ஆவி எரியும் எண்ணெயைக் கூரைக்கு வீசும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவதும் அதே அளவு ஆபத்து; எண்ணெய் கையிலும் காலிலும் சிந்தும், வாசலில் விழுவீர்கள். அதனால் எண்ணெய் வைக்கும் முன்பே மூடியை எடுத்து அடுப்பின் பக்கத்தில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா இப்போது மூடியைத் தேடி எடுத்த பிறகுதான் போத்தலைத் திறப்பார்.

தீயணைப்புச் சிலிண்டர் வாங்கும் வசதி இருந்தால் உலர்தூள் வகையை வாங்கி, அடுப்புக்கு மேலே மாட்டாமல் குசினி வாசலில் மாட்டுங்கள். எரியும் அடுப்பைத் தாண்டி எட்டி எடுக்க முடியாது. சின்னச் சிலிண்டர் பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் தீர்ந்துபோகும். வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்று, அடிப்பக்கத்தைக் குறிவைத்து ஒரு முறை முயலுங்கள். அடங்கவில்லையா, கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள்.

கரண்ட் இல்லை, விளக்கு ஏற்றியிருக்கிறோம்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனது. அப்போது மெழுகுதிரியும் குப்பி விளக்கும் மீண்டும் வந்தன. ஒழுங்கான விளக்குக்கும் கெட்ட விளக்குக்கும் உள்ள வித்தியாசம், ஏதாவது பட்டுத் தட்டும்போதுதான் தெரியும். குப்பியில் திரி போட்ட விளக்கு உயரமாய், இலேசாய் இருக்கும். பூனையின் வால் பட்டாலும் விழும், உடையும், மண்ணெண்ணெய் பாயும். இதனால் வெந்து வந்தவர்களை அறுவைச்சிகிச்சை செய்து களைத்த வைத்தியர் விஜய கொடகும்புர, கட்டையாகவும் கனமாகவும் இருபக்கம் தட்டையாகவும், திருகி மூடும் மூடியோடும் ஒரு விளக்கை வடிவமைத்தார். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. உருளாது, உடையாது, சிந்தாது. குப்பி விளக்கு வைத்தே ஆகவேண்டிய வீட்டில் இந்த மூன்று குணமும் உள்ள விளக்கா என்று பாருங்கள். இல்லையேல் பற்றரி லைற்றுக்கு மாறுங்கள்.

எரியும் அடுப்பிலோ விளக்கிலோ மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் வாங்கிய போத்தலில் பெற்றோல் மணம் இருந்தால் விளக்குக்கு எடுக்காதீர்கள். ஜெனரேட்டரை எந்த நாளும் வீட்டுக்குள்ளோ யன்னலுக்குக் கீழோ ஓடவிடாதீர்கள், அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

பாய் அல்லது மெத்தையில் கருகிய வட்டம்

நுளம்புத்திரிதான். அதைத் தகரத் தட்டில், மண் போட்ட சட்டிக்குள், நுளம்பு வலையிலிருந்து ஒரு கைநீளம் தள்ளி வையுங்கள். மாரி தொடங்கி நுளம்பு பெருகும்போது, கட்டிலுக்குக் கீழே வைப்பது பழக்கமாகிவிடுகிறது. தும்பு மெத்தை ஒருமுறை கனன்றால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே மணிக்கணக்கில் கனலும். இரண்டு வாளி ஊற்றி அணைந்துவிட்டது என்று வீட்டுக்குள் வைக்காதீர்கள். முற்றத்துக்கு இழுத்துப்போய் ஊறும்வரை நனையுங்கள்.

நித்திரையில் இருமிக்கொண்டு எழும்புகிறீர்கள், அறை முழுக்கப் புகை

உயிர் எடுப்பது அநேகமாகச் சுவாலை இல்லை, புகை. எழும்பி நிற்காதீர்கள். கட்டிலிலிருந்து அப்படியே நிலத்துக்கு உருளுங்கள், முழங்காலும் கையுமாகத் தவழுங்கள். நல்ல காற்று நிலத்தோடு கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்க வேண்டாம், யன்னலுக்குப் போங்கள். சுடவில்லையென்றால் மெதுவாகத் திறந்து, வெளியேறிய பின் சாத்திவிட்டுப் போங்கள். சாத்திய கதவு மற்றவர்களுக்கு நிமிடங்களைக் கொடுக்கும்.

ஆனால் நமது பழைய ஓட்டு வீடுகளில் அறைச்சுவர் கூரைவரை போவதில்லை. புகை சுவருக்கு மேலால் அடுத்த அறைக்கு வரும். கதவைச் சாத்தி உள்ளேயே இருந்து உதவிக்குக் காத்திருப்பது அங்கே பாதுகாப்பில்லை. வெளியேறுவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குள் எனக்குப் பெரிய பயமே கிரில். திருடனுக்குப் பயந்து எல்லா யன்னலுக்கும் இரும்புக் கிரில், இரவில் வாசல் கேற்றுக்கும் ஒரு பூட்டு. திறப்பு அப்பாவின் சேட் பொக்கெற்றிலோ பிரிட்ஜுக்கு மேலேயோ இருக்கும். புகை மண்டிய இருட்டில் அது கிடைக்காது. இன்றிரவே செய்ய வேண்டியது: ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு திறப்பை, அதே கதவுக்குக் கைதூரத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு ஆணியில் மாட்டுங்கள். வெளியிலிருந்து கை எட்டாத பக்கமாகப் பாருங்கள். படுக்கை அறையில் ஒரு யன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி ஒட்டுவேலைக்காரரிடம் செய்விக்கலாம். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை தவழ்ந்து பாருங்கள். நாங்கள் பிள்ளைகளோடு செய்தோம். முதல் தடவை பெரிய மகன் வாசலுக்குப் பதிலாக அலுமாரிக்கு முன்னால் போய் நின்றான். இப்போது சரியாக வருகிறான்.

அம்மம்மா போன்ற நடக்க முடியாதவர் இருந்தால், அவர் படுக்கும் அறை வாசலுக்குக் கிட்டவாக இருக்கட்டும், யார் தூக்குவது என்றும் பேசி வையுங்கள். வெளியே கூடும் இடம் ஒன்று வேண்டும். எங்களுக்கு அது வேப்பமரம். அங்கே எண்ணிப் பார்த்து ஒருவர் குறைந்தால், யாரும் திரும்ப உள்ளே போகாமல், வரும் தீயணைப்பு ஆட்களிடம் அவர் எந்த அறையில் படுப்பார் என்று சொல்லுங்கள். நகை, அடையாள அட்டை, உறுதி எதற்காகவும் திரும்பிப் போக வேண்டாம். பற்றரியில் ஓடும் புகை எச்சரிக்கைக் கருவி இப்போது சந்தையில் கிடைக்கிறது. படுக்கையறை வாசலுக்கு மேலே ஒன்று மாட்டினால், இருமலுக்கு முன்பே எழும்பலாம்.

உடுப்பில் நெருப்பு, அல்லது தோல் வெந்துவிட்டது

ஓடாதீர்கள், ஓடினால் காற்று அதை வளர்க்கும். நில்லுங்கள், விழுங்கள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளுங்கள். பக்கத்தில் நிற்பவர் தடித்த பருத்திப் போர்வையால் சுற்றி அமத்தலாம். நைலோன் துணி வேண்டாம், உருகி ஒட்டும்.

வெந்த இடத்தை ஓடும் குளிர் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல் எல்லாம் வீங்க முன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை, மை ஒன்றும் பூசாதீர்கள். சூட்டை உள்ளே அடைப்பதோடு வைத்தியர் காயத்தைப் பார்க்கவும் தடையாகும். சுத்தமான துணியாலோ மெல்லிய பொலித்தீன் தாளாலோ தளர்வாக மூடி, முகம், கை, கால், மறைவிடம் வெந்திருந்தாலோ, பரப்பு உள்ளங்கையைவிடப் பெரிதென்றாலோ உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். புகையைச் சுவாசித்தவருக்குக் குரல் கம்மினால், மூக்கு முடி கருகியிருந்தால், காயமே தெரியாவிட்டாலும் 1990க்கு எடுங்கள்.

அணைந்துவிட்டது, ஆனால் இன்னும் மணக்கிறது

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது சீனக்குடாவில் ஒரு எண்ணெய்த் தாங்கி பற்றி ஏழு நாள் எரிந்தது. வீட்டில் அந்த அளவு எண்ணெய் இல்லை. ஆனால் கூரைமரமும் கிடுகும் அணைந்ததாகக் காட்டி மறுநாள் விடியப்புறம் மூளும். கச்சான் காலத்தில் ஒரு சின்னத் தணல் பக்கத்து வளவுக் கிடுகு வேலிவரை போகும். தீயணைப்பு ஆட்கள் சரி என்று சொன்ன பிறகும் அன்றிரவு ஒருவர் முழித்திருந்து, மணிக்கொரு தடவை சுற்றி வந்து, புறங்கையால் சுவரையும் மரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு வாளி தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். மெயின் நிறுத்தியிருந்தால் மோட்டர் ஓடாது, தாங்கியில் இருப்பதுதான் இருக்கும். வயரிங் தெரிந்த ஒருவர் பார்த்து எழுத்தில் சரி என்று சொல்லாதவரை மெயினைப் போடாதீர்கள். நெருப்புச் சூடு பட்ட காஸ் சிலிண்டரை வெளியில் நிழலில் வைத்து, திறக்காமல், விற்றவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.